நடுத்திட்டில் பத்து நிமிடம்

பிப்ரவரி 2, 1982. செவ்வாய். பழவேற்காடு.

பேராயத்து வாலிபர் அலுவலகத்திலிருந்து கடிதம். ஏரியைச் சுற்றியுள்ள ஒன்பது சிற்றாலயங்களின் வாலிபர்களுக்கு இரண்டு நாள் கூடுகை. இம்மாதம் 20, 21. இடம் நடுத்திட்டு. ‘தாங்கள் பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்று அவ்விடமே தங்கியிருப்பதாக அறிகிறோம்.’ யார் வாயிலிருந்து அறிந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். உபதேசியார் மாணிக்கம். நிகழ்ச்சி நிரல் தயாரித்துக் கொடுத்து, முடிந்ததும் மாத இதழுக்கு ஓர் அறிக்கையும் எழுத வேண்டுமாம்.

பெரம்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு கைருன் பீவியின் மாடி அறைக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றுதான் வந்தேன்.

மாலையில் மாணிக்கமே வந்து நின்றார். நிபந்தனையைச் சொன்னேன்: நிரல் எழுதுவேன், அறிக்கை எழுதுவேன். எழுந்து நின்று ஜெபம் பண்ணச் சொல்லி என்னைக் கேட்கக் கூடாது.

“அதுக்கின்னா சார், நான் கேக்க மாட்டேன். ஜெபம் பண்றதுக்கா நம்மகிட்ட ஆளு இல்ல?” என்றார்.

சம்மதம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். நிகழ்ச்சி நிரல் எழுதுவது ஜெபமல்ல.

பிப்ரவரி 4. வியாழன்.

நடுத்திட்டுக்குப் போய் வந்தேன். படகு திருவேங்கடத்துடையது. லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர், என் வயது இருக்கும், கோல் ஊன்றிக்கொண்டே ஓயாமல் பேசுகிறவர். ஏரியில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. இரண்டு இடத்தில் மணலில் தட்டி, இறங்கித் தள்ளினோம். வேட்டி நனைந்தது.

திட்டில் நாற்பத்திரண்டு வீடு. ஓடு வேய்ந்த ஆலயம். சுவர்க் கடிகாரம் 4.20இல் நிற்கிறது, ஐந்து வருடமாக. ஆர்மோனியத்தில் மூன்று கட்டைகள் ஒலிப்பதில்லை, ஒரு கட்டை ஒலித்தால் நிற்பதில்லை.

பாடகர் குழு பதினேழு பேர். பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நிற்கிறார்கள். சொல்லின் நடுவில்கூட. ஏன் என்று கேட்டேன். வாலிபர் சங்கச் செயலாளர் செல்வம்மாள், வயது இருபத்திரண்டு, பால்வாடி டீச்சர், முப்பத்தொரு வருட நிருபரைக் கண்டு அசராதவள்.

“மூச்சு வுடணும்ல சார்?” என்றாள்.

விசாரித்ததில் விளங்கியது. பெரிய வலையைக் கரைக்கு இழுக்கும்போது பாடிப் பழகியவர்கள். இரண்டு இழுப்புக்கு நடுவே கயிறு நிற்கும், பாட்டும் நிற்கும். அந்த இடத்தில் கர்த்தருடைய நாமமே இரண்டாக உடைந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பதினாறு நாளில் திருத்தக்கூடிய காரியமா இது?

பிப்ரவரி 6.

ஆர்மோனியத்தின் நிற்காத கட்டை நின்றுவிட்டதென்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். பழுதுபார்த்தீர்களா என்றேன். இல்லையாம். உடைந்துவிட்டதாம்.

பிப்ரவரி 9. செவ்வாய்.

நிரல் முடிந்தது. முப்பத்து நான்கு உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் நேரம், ஒவ்வொன்றுக்கும் ஆள். குரல் நன்றாக இருப்பவனுக்கு வாசிப்பு, சுத்தமாகப் பாடுகிறவளுக்குத் தனிப்பாட்டு. ஞாயிறு ஆராதனையில் 10.40 முதல் 10.50 வரை மன்றாட்டு ஜெபம், உபதேசியார் மாணிக்கம். பத்து நிமிடத்துக்குமேல் மன்றாட்டு கூடாது. அதற்குப் பிறகு ஜெபிக்கிறவர்கள் தேவனுக்குச் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பல வருடம் கேட்டுக் குறிப்பெடுத்தவன் சொல்கிறேன்.

செல்வம்மாள் சந்தைக்கு வந்தவள் மேலே ஏறி வந்து நிரலை வாசித்தாள்.

“நேரமெல்லாம் நல்லாருக்குது சார். ஆனா யாரு இன்னா பண்றதுன்னு நீங்களே போட்டுட்டீங்களே?”

“பின்னே யார் போடுவது?”

“சீட்டு.”

ஏரியில் இறால் விழும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதற்கு முறை உண்டு. பாடு என்கிறார்கள். நல்ல இடமும் உண்டு, வெறும் சேறும் உண்டு. சீட்டு எடுத்துத் தீர்மானிப்பார்கள். கெட்டிக்காரனுக்கு நல்ல இடம் என்ற பேச்சே இல்லை. அந்த முறையை அப்படியே ஆலயத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வாசிப்பது, ஜெபிப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாவற்றுக்கும் சீட்டு.

“வாசிக்கத் தெரியாதவனுக்கு வாசிப்பு விழுந்தால்?”

“விழுந்திருக்குதே.”

“என்ன செய்தான்?”

“தெரிஞ்ச வரைக்கும் சொன்னான்.”

இது ஆராதனையா, ஏலமா? கேட்டேவிட்டேன். அவள் சிரித்தாள். “ஏலம்னா பெரிய ஆளுக்குல்ல சார் போவும்?” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பிப்ரவரி 10.

கைருன் பீவியிடம் சொல்லிப் புலம்பினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, “நாங்க அஞ்சு வேளை நிக்கிறோம். வாரத்துக்கு ஒரு வேளைக்கு நீங்க ஏன் சார் இவ்ளோ பேஜாரு பண்றீங்க?” என்றார். அந்த ஒரு வேளையும் நான் நிற்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

பிப்ரவரி 14. ஞாயிறு.

எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

நிரலின் பிரதிகளைக் கொடுக்க நடுத்திட்டுக்குப் போனேன். ஆராதனை முடியும்வரை கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில் கடுமை என்று திருவேங்கடமும் உள்ளே வந்து வாசலோரம் உட்கார்ந்தார். ஆசீர்வாதம் முடிந்ததும் சீட்டு எழுதினார்கள். மீன் பிடித்துப் போடும் ஓலைப் பறி ஒன்றில் பெயர்கள், இன்னொன்றில் வேலைகள். அன்றைக்கு ஆலயத்துக்குள் இருந்த தலைக்கெல்லாம் பெயர் உண்டாம்.

திருவேங்கடம் எழுந்துவிட்டார். “யம்மா, நான் அம்மன் கோயிலு ஆளு.”

“உள்ள குந்திகினு இருந்தியா இல்லியா?” என்றாள் செல்வம்மாள்.

“வெயிலுக்கு குந்தினேன்.”

“அப்ப உண்டு.”

சனிக்கிழமை வேத வாசிப்பு அவருக்கு விழுந்தது. அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. சபை சந்தோஷமாகச் சிரித்தது. மாணிக்கத்துக்குப் பாய் மடிக்கும் வேலை. கருப்பன் என்று ஓர் இளைஞன், சமீபத்தில் கல்யாணமானவன், மனைவி மாசமாக இருக்கிறாள், அவனுக்கு மணி அடிக்கும் வேலை.

பிறகு என் பெயர். மன்றாட்டு ஜெபம். ஞாயிறு 10.40 முதல் 10.50 வரை.

மாணிக்கத்தை ஓரமாக அழைத்தேன். வாக்குக் கொடுத்தீர்களே என்றேன்.

“கேக்க மாட்டேன்னு சொன்னேன் சார். இப்பவும் நான் கேக்கல.”

“மாற்றிக்கொள்வோம். நான் பாய் மடிக்கிறேன்.”

“சீட்டுல விழுந்தத மாத்தக் கூடாது சார். எங்க நைனா காலத்துலயே மாத்தினது இல்ல.”

“நான் எழுந்திருக்க மாட்டேன். அப்போது?”

செல்வம்மாள் குறுக்கே வந்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். “எழுந்திருக்க வேணாம் சார். ஒருத்தன் அவன் நாளுக்கு ஏரிக்கு வரலேன்னா அந்த எடம் காலியா கெடக்கும். வேற எவனும் அங்க வலை எறக்க மாட்டான். அவ்ளோதான்.”

படகில் திரும்பும்போது திருவேங்கடம், “இன்னா சார், உனக்காவது படிப்பு கீது. நான் இன்னா பண்ணட்டும்?” என்றார்.

பிப்ரவரி 16. செவ்வாய்.

மன்றாட்டு. அந்தச் சொல்லை நிரலில் எழுதியவனே நான்தான்.

1980 செப்டம்பர் 3 முதல் 21 வரை. என் மனைவி சலோமி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்கள். மஞ்சள் காமாலை முற்றி, கண் மூடி, வாய் பேசாமல். வராந்தா பெஞ்சில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து கேட்டேன். பத்தொன்பது நாள். ஒருநாள் விடல. என்ன கேட்டேன்? பெருசா ஒண்ணும் கேக்கலையே. ஒருதரம் கண்ணத் திறந்து என் பேர் சொல்லட்டும்னுதானே கேட்டேன்? முப்பது வருஷம் கூட இருந்தவ. அது ரொம்ப ஜாஸ்தியா?

மந்திரி வாய் திறக்காவிட்டாலும் ‘பதில் கூற மறுத்துவிட்டார்’ என்று எழுத எதிரே ஒரு முகமாவது இருந்தது. அந்த வராந்தாவில் மறுப்பதற்குக்கூட ஆள் இல்லை. வெறும் இடம். காலி இடம்.

அங்கே போய் எழுந்து நின்று என்ன சொல்ல? சொன்னால் பொய். பொய்ச் செய்தி நான் எழுதியதும் இல்லை, வாசித்ததும் இல்லை.

எழுந்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 18.

இன்று கறிவேப்பிலை வாங்கப் போன கடையில் காலண்டரைப் பார்த்தேன். 23ஆம் தேதி அமாவாசை. இறால் அமாவாசையை ஒட்டித்தான் வரும். அந்த வாரம் முழுக்க இளைஞர்கள் இரவெல்லாம் தண்ணீரில் நிற்பார்கள். தேதி குறித்தது சென்னை. அதைப் பார்க்காமல் முப்பத்து நான்கு உருப்படிக்கு நிமிடக் கணக்கு எழுதியது நான்.

பிப்ரவரி 20. சனி. நடுத்திட்டு.

எதிர்பார்த்தது 140 பேர். வந்தது 83. ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டியது பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. மணி அடிக்க வேண்டிய கருப்பன் விடியும்வரை வலையில் நின்றுவிட்டு, முழங்காலில் சேறு காயாமல் ஓடிவந்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு மணி அடித்தான். அடித்துவிட்டு அதன் அடியிலேயே தூங்கிவிட்டான். பிற்பகல் எண்ணினேன்: தூங்குகிறவர்கள் முப்பத்தொரு பேர். நிரலில் பன்னிரண்டு உருப்படிகள் நடக்கவே இல்லை.

திருவேங்கடத்தின் வாசிப்பு மட்டும் நடந்தது. காலையில் படகில் வரும்போது மாணிக்கம் யோவான் கடைசி அதிகாரத்தைக் கதையாகச் சொல்லியிருக்கிறார். திருவேங்கடம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“ரா முச்சூடும் ஒண்ணும் விழல. விடியக்காலைல கரைல ஒருத்தரு நின்னுகினு, இன்னாப்பா கெடச்சுதுன்றாரு. ஒண்ணுமில்லன்றானுங்க. எவன் நல்லா பதில் சொல்வான் அந்நேரத்துக்கு? வலது பக்கம் போடுன்றாரு. போட்டானுங்க, விழுந்துது. இதுல அதிசயம் ஒண்ணுமில்ல. படகுல கீறவனுக்கு மீன் கூட்டம் தெரியாது, கரைல நிக்கிறவனுக்கு தண்ணி கறுத்துத் தெரியும்.”

மாணிக்கம் நெளிந்தார். திருவேங்கடம் விடவில்லை.

“அதிசயம் இன்னான்னா, ரா முச்சூடும் வெறும் வலை இழுத்தவன், எவனோ சொன்னான்னு திருப்பியும் வலையத் தூக்கினான் பாரு. நானா இருந்தா வூட்டுக்குப் போயிருப்பேன்.”

உட்கார்ந்துவிட்டார். மீன் 153 என்பதை விட்டுவிட்டார். அந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அது. யாரோ குந்தி எண்ணியிருக்கிறான்.

பிப்ரவரி 21. ஞாயிறு.

ஆராதனை 9.50க்கு. ஆர்மோனியத்தில் இப்போது ஐந்து கட்டைகள் இல்லை. பாட்டு வழக்கம்போல நடுவில் நின்று நின்று போனது. 83 பேர் பாடும்போது அந்த நிறுத்தம் பெரிதாகக் கேட்கிறது, எல்லாரும் ஒன்றாக மூச்சு இழுக்கும் சத்தம். ஒரு பெண் சங்கீதத்தின் நடுப்பக்கம் கிழிந்திருப்பதை வாசித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்தாள். போதகர் பொன்னேரியிலிருந்து வந்து சேரவில்லை, பேருந்து கிடைக்கவில்லையாம். நான் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குறிக்கும்போது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. நான் சொன்னபடிதானே நடக்கிறது?

என் 10.40, 11.25க்கு வந்தது.

செல்வம்மாள் நிரலைப் பார்த்து, “மன்றாட்டு” என்றாள். பெயர் சொல்லவில்லை. பலிபீடத்துக்கு முன்னால் கிடந்த சின்னப் பாய் காலியாக இருந்தது.

நான் எழவில்லை.

யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பார்த்தால் எழுந்து வெளியே போய்விடத் தயாராக இருந்தேன், செருப்பு எங்கே கிடக்கிறது என்றுகூடப் பார்த்துவைத்திருந்தேன். ஒருவரும் திரும்பவில்லை. மாணிக்கம் தொண்டையைச் செருமி வேறொரு ஜெபத்தைத் தொடங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்தபடியே இருந்தார். 11.27. பின்பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்களின் அரிவாள்மணைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கருப்பனின் குறட்டை கேட்டது. பிறகு அதுவும் நின்றது, யாரும் தட்டவில்லை, சத்தமில்லாததில் விழித்திருப்பான். 11.29. ஒரு குழந்தை அழுதது. யாரும் உஸ் என்று சொல்லவில்லை. அதுவாக ஓய்ந்தது. வாசலில் திருவேங்கடம் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார், அம்மன் முன்னால் நிற்பதுபோல.

11.31 வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அந்தப் பாயையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கான இடத்தில் ஒருவரும் வலை இறக்கவில்லை. எண்பத்து மூன்று பேர், இரவெல்லாம் தண்ணீரில் நின்ற கண்களோடு, நான் வராத இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். காலி இடம் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன் இந்த நோட்டில். ஒருவனுக்காக விட்டுவைத்த இடம் வேறு, யாரும் இல்லாத இடம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அந்த வராந்தா எது?

அப்புறம் நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. ஆனால் தனியாக இல்லை. இதை மட்டும் உறுதியாக எழுதலாம். செய்திக்கு மேலே என் பெயர் போட்டு எழுதலாம்.

செல்வம்மாள் அடுத்த பாட்டைத் தொடங்கியபோது பார்த்தேன், மணி 11.41. பதினாறு நிமிடம்.

முடிந்ததும் அவளிடம் கேட்டேன், பத்து என்றுதானே எழுதியிருந்தேன்?

“எங்க கடிகாரந்தான் ஓடலையே சார்.”

“பின்னே முடிந்தது என்று எப்படித் தெரிந்தது?”

“நீங்க மூச்சு வுட்டீங்க,” என்றாள். பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பிப்ரவரி 23. செவ்வாய். அமாவாசை.

அறிக்கை முடித்தேன். நான்கு பக்கம். வந்தோர், தாமதம், ஆர்மோனியம், கிழிந்த பக்கம், எல்லாம் உண்டு. 11.25க்கு மட்டும் மூன்று தடவை எழுதி அடித்தேன். கடைசியில்: ‘மன்றாட்டு. குறித்த ஆள் எழவில்லை. சபை காத்திருந்தது.’ இதற்குமேல் ஒரு சொல் சேர்த்தாலும் பொய்யாகிறது.

மார்ச் 19. வெள்ளி.

மாத இதழ் வந்தது. ‘மூத்த பத்திரிகையாளர் திரு. ஏசடியான் அவர்கள் உருக்கமாக மன்றாடினார். அநேகர் கண்ணீர் வடித்தனர்.’

முப்பத்தொரு வருடம் திருத்தம் போடவைக்காத ஆள் நான். உடனே உட்கார்ந்து திருத்தம் கேட்டு எழுதினேன். இரண்டு பக்கம். கைருன் பீவி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இதுல எது பொய்யி சார்?” என்றார்.

ஒவ்வொரு சொல்லும் பொய் என்றேன். கடிதத்தைத் தபாலிலும் சேர்த்தேன்.

மார்ச் 27.

கருப்பனுக்கு நேற்று ஆண் குழந்தை. எட்டு மாதத்திலேயே. இன்று காலை இறந்துவிட்டது. திருவேங்கடம் சந்தையில் சொன்னார்.

மார்ச் 28. ஞாயிறு.

நடுத்திட்டு. போன மாதத்திலிருந்து ஒரு ஞாயிறும் விடவில்லை, பாட்டு திருந்தவும் இல்லை. குருத்தோலைப் பண்டிகைக்குச் சீட்டு எடுத்தார்கள். கருப்பன் வந்திருந்தான், யார் கூட்டிவந்தார்களோ. உள்ளே இருந்ததால் அவன் பெயரும் இருந்தது.

எனக்கு ஓலைக் குப்பை பெருக்கும் வேலை. மன்றாட்டு கருப்பனுக்கு.

ஒரு கணம் எழுந்து, மாற்றிக்கொடுங்கள், இது கொடுமை என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஏப்ரல் 4. குருத்தோலை ஞாயிறு.

அறுபத்திரண்டு பேர். ஓலை வெட்டியவர்கள் ஈர்க்கோடு அப்படியே போட்டுவிட்டார்கள், பெருக்கி முடிக்க முதுகு போய்விட்டது. ஆர்மோனியம் இப்போது ஓர் அலங்காரப் பொருள். திருத்தம் இன்னும் வரவில்லை.

மன்றாட்டு என்றாள் செல்வம்மாள். கருப்பன் எனக்கு முன்வரிசையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழவில்லை.

கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தேன்.